படத்தின் ஓரத்தில் தெரியும் அந்தக் கை

பிள்ளைகளே, நடு அறைச் சுவரில் தொங்கும் பந்தயக் கார்ப் படத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன கிழமை சின்னவள் கதிரையில் ஏறி நின்று அந்தப் படத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "அப்பா, உந்த ஓரத்திலை தெரியிற கை ஆரின்ரை?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஆரோ ஒரு ஆள்" என்றேன். அதே கிழமை மூத்தவன் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினான். 'என் தந்தை தானே செய்து தானே ஓட்டிய பந்தயக் கார்' என்று அதில் ஒரு வரி. ஆசிரியர் அதை வகுப்பில் உரக்க வாசித்தாராம். அவன் அதைச் சொல்லி அம்மாவிடம் பெருமைப்பட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரியில் இரண்டு 'தானே' இருக்கிறது. இரண்டும் உண்மையில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நடந்ததில் பிழை விடமாட்டேன்.

இது அறுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. கலியாணம் ஆகவில்லை. வீட்டில் வெங்காயத் தோட்டம் இருந்தும் எனக்கு மண்வெட்டி பிடிக்கப் பஞ்சி. சுன்னாகத்தில் ஒரு கராச்சில் வேலை பார்த்தேன். அங்கேதான் அவன் பழக்கமானான். காங்கேசன்துறைக் கரையைச் சேர்ந்தவன். தகப்பன் வள்ளம் கட்டுபவர். அவன் கொழும்புக்கு மீன் லொறி ஓட்டினான். என் வயதுதான். லொறியைத் திருத்தக் கொண்டுவந்தால் மற்றச் சாரதிமாரைப் போல் தேத்தண்ணிக் கடைக்குப் போகமாட்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு லொறிக்கு அடியில் படுத்துவிடுவான். இரண்டு மாதத்தில் நாங்கள் 'மச்சான்' ஆகிவிட்டோம்.

அந்த நாளில் யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து கார்ப் பந்தயம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வல்லைப் பக்கத்துத் தரவைதான் இடம். மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் நிலம், கோடையில் காய்ந்து சீமெந்துத் தரை மாதிரி இறுகிவிடும். தார்ப் பீப்பாக்களை வைத்து வட்டம் போட்டுப் பன்னிரண்டு சுற்று ஓடவேண்டும். முதல் வருடம் நாங்கள் இருவரும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். திரும்பும்போது அவன் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"மச்சான், நாங்களும் ஒண்டு செய்வம். நான் ஓட்டுறன்."

அவ்வளவுதான் அவன் கேட்டது. 'நான் ஓட்டுறன்.' இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

எங்கள் கராச்சின் பின்னால் வேப்பமரத்தின் கீழ் நெருப்புப் பிடித்த பழைய ஏ-ஃபோர்ட்டி கார் ஒன்று கிடந்தது. மேல்பாகம் கருகிப் போயிருந்தாலும் அடிச்சட்டமும் எஞ்சினும் பிழையில்லை. முதலாளி, "கொண்டு போய்த் துலையுங்கோ" என்றார். எஞ்சின் வேலை என்னுடையது. காரின் உடம்பு அவனுடையது.

அந்த உடம்பைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தகரம் வைத்தால் பாரம். மற்றவர்கள் தகரத்தை ஆணி வைத்து அறைந்திருந்தார்கள். அவன் தேயிலைப் பெட்டிப் பலகை கொண்டுவந்தான். மெல்லிய பலகை, இறகு மாதிரி. அதை ஓரத்தோடு ஓரம் வைத்து, வரிசையாகத் துளை போட்டு, வலைக்காரர் பாவிக்கிற நைலோன் கயிற்றால் தைத்தான். அவர்களுடைய வள்ளங்களில் பலகையைக் கயிற்றால் தைப்பதுதான் வழக்கம். ஆணி அடித்த பலகை அலைக்கு விறைத்து நின்று பிளக்குமாம், தைத்தது அசைந்து கொடுக்குமாம். தரவையில் கார் குலுங்குவதும் அலையில் வள்ளம் குலுங்குவதும் ஒன்றுதானே என்றான். தையல் வழியே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினான். கராச் முழுக்கக் கோயில் மாதிரி மணத்தது.

வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்று நக்கலடித்தார்கள். "என்னடாப்பா, இதை றோட்டிலை விடப் போறியளோ, கடலிலை விடப் போறியளோ?"

"முதல்லை றோட்டு," என்றான் அவன், வாயில் கயிற்றைக் கடித்தபடி. "பெற்றோல் முடிஞ்சால் கடல்."

நாலு மாதம் தைத்தான். எல்லாத் தையலும் முடிந்தது, ஒன்றைத் தவிர. இடது பக்கப் பலகையில், பக்கத்து இருக்கைக்கு ஒரு முழம் முன்னால், கயிற்றின் நுனியை முடியாமல் விட்டுவிட்டான். சும்மா செருகி வைத்திருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"அது எங்கடை வீட்டு வழக்கம் மச்சான். புது வள்ளத்தின்ரை கடைசி முடிச்சை, அதைக் கொண்டு போறவன்தான் போடவேணும். இறக்கிற அண்டைக்கு. பந்தயத்தண்டு காலமை நான் போடுறன்."

பந்தய நாள் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காரை அவனுடைய லொறியில் ஏற்றித் தரவைக்குக் கொண்டு போனோம். அவன் புதுச் சேட்டுப் போட்டிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். தகப்பன், தம்பிமார் எல்லாரும் காங்கேசன்துறையிலிருந்து வந்து, சனத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் வெயிலில் நின்றார்கள்.

பதிவு மேசை ஒரு பந்தலின் கீழ் இருந்தது. வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெரியவர் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற பையனிடம் அவர் காரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எஞ்சின் என்ன, பிரேக் பிடிக்குமா, ஒன்றும் இல்லை. "எவ்விடம்? ஆரின்ரை மகன்?" இதுதான் கேள்வி. பையன் சொன்ன பதில் அவருக்குப் பிடித்துக்கொண்டது. "ஓ, அவற்றை மகனோ! கொப்பர் சுகமே?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இப்பிடிக் குடும்பம் தெரிஞ்ச ஆக்கள் ஓட்டினால் ஒரு மரியாதை. கண்டவன் நிண்டவன் எல்லாம் ஓட்டுறதுக்கு இது என்ன வாடகைக் காரோ?" என்று சிரித்தார்.

பிள்ளைகளே, அந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் கலியாண வீட்டிலும் கேட்பார்கள், அரசாங்கக் கந்தோரிலும் கேட்பார்கள். ஊரையும் தகப்பன் பெயரையும் கேட்டால் ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு மனிதன் நாலு மாதம் கை புண்ணாகத் தைத்த காரைத் திரும்பியும் பார்க்காமல், அவன் யாருக்குப் பிறந்தான் என்று விசாரிக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இன்றைக்கும் எனக்கு அந்தத் தொப்பியைத் தட்டிவிட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் தட்டவில்லை. நான் செய்தது அதைவிட மோசம்.

எங்கள் முறை வந்தது. என்னைக் கேட்டார், சொன்னேன். "ஓமோம், தோட்டக்கார ஆக்கள், நல்ல சனம்" என்று எழுதினார். பிறகு பேனையால் என் நண்பனைக் காட்டி, "உவர் ஆர்?" என்றார்.

அவன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"உவர் எங்கடை கராச்சிலை உதவிக்கு நிக்கிற ஆள், ஐயா."

அவனை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். காரை உள்ளே விட்டுவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். எவ்வளவு கெட்டித்தனம்! பெரியவர் உடனே சொன்னார்: "அப்ப ஓட்டுறது நீர்தானே. உதவியாள் பக்கத்திலை இருக்கலாம். கையெழுத்துப் போடும்."

அந்த இடத்தில் 'இல்லை' என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். பின்னால் வரிசை நின்றது. பேனை என் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும், செருகி வைத்திருந்த கயிற்றின் நுனியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீங்கள்தானே ஓட்டப் போறியள். முடிச்சைப் போடுங்கோ."

'நீங்கள்.' அதுவரைக்கும் அவன் என்னை நீ என்றுதான் சொன்னவன். "மச்சான், நீயே போடு" என்றேன். "கொண்டு போறவன்தான் போடவேணும்" என்றான். தகப்பனும் தம்பிமாரும் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனுக்கு விளங்கிவிட்டது. அவர் மெதுவாக மற்றப் பக்கம் திரும்பினார்.

எனக்கு வள்ளக்காரர் முடிச்சுத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். வெங்காயம் பிடுங்கிக் காயவிட்ட பிறகு பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடுவோமே, அந்தக் கட்டு. சந்தையில் ஒரு இழுப்பில் அவிழவேண்டும் என்று போடுகிற சுருக்கு. கை பழகியபடி அதைப் போட்டேன். அவன் பார்த்தான். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏழு கார்கள். நான் பந்தயம் ஓட்டுகிறவனா? சுன்னாகச் சந்தியில் லொறியைத் திருப்பவே எனக்கு வியர்க்கும். முதல் வளைவிலேயே பீப்பாவில் உரசினேன். எங்களுக்கு முன்னால் ஐந்து கார், புழுதி கண்ணை மறைத்தது. அப்போது பக்கத்தில் இருந்த அவன் எழுந்து, பாய் வள்ளத்தில் காற்றுப் பக்கம் சாய்வது போல, காருக்கு வெளியே உடம்பைச் சாய்த்தான். பின் சில்லு நிலத்தைப் பிடித்தது. "விடு!" என்று கத்தினான். கோபத்தில் 'நீங்கள்' மறந்துபோயிற்று. "விடு, விடு... இப்ப திருப்பு! கொஞ்சம் அமத்து!" நான் வெறும் கையும் காலும்தான். ஓட்டியது அவன். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு மற்றவர்களின் தகரங்கள் ஆணி கழன்று அடிக்கத் தொடங்கின. ஒரு காரின் மூடி பறந்து போனது. எங்கள் தேயிலைப் பெட்டி முனகியதே தவிரப் பிளக்கவில்லை. ஒவ்வொரு காராகக் கடந்தோம்.

பத்தாவது சுற்றில் என் வெங்காய முடிச்சு அவிழ்ந்தது.

பலகை காற்றில் ஒருமுறை படபடத்தது. கயிறு துளை துளையாக உருவிக்கொண்டு வர, அவன் எட்டி அதைப் பிடித்தான். கையில் மூன்று சுற்றுச் சுற்றி, பலகையோடு சேர்த்து அமத்திக்கொண்டான். நான் வேகத்தைக் குறைத்தேன். "ஏன் குறைக்கிறாய்? மிதி!" என்றான். மிதித்தேன். பந்தயம் முடியும்வரை அவன் ஒரு கையால் காரைச் சேர்த்துப் பிடித்து, மற்றக் கையால் இருக்கையைப் பிடித்து, வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே வந்தான். நைலோன் கயிறு என்ன செய்யும் என்று வலை இழுத்தவர்களைக் கேளுங்கள். புதுச் சேட்டின் கை முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது. நாங்கள் இரண்டாவதாக வந்தோம். கொழும்பிலிருந்து வந்த சிவப்புக் கார் ஒன்று மட்டும் எங்களுக்கு முன்னால்.

காரை நிறுத்தியதும் படம் பிடிக்கிறவர் வந்துவிட்டார். தொப்பிக்காரப் பெரியவரும் வந்து என் தோளில் கை போட்டார். அவன் இறங்கி நின்றான். ஆனால் கயிற்றை விட்டால் பலகை விழுந்துவிடும் என்று காரைப் பிடித்தபடியே நின்றான்.

"டேய், நீ கொஞ்சம் விலகு," என்றார் பெரியவர் அவனைப் பார்த்து.

அவன் விலகினான். கை மட்டும் விலகவில்லை.

பிறகு பந்தலில் பேச்சு. "சுன்னாகத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை, தன்ரை மூளையாலை, தன்ரை கையாலை செய்த கார்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்குக் கதிரை கொடுத்தார்கள். சோடா கொடுத்தார்கள். அவனுக்கு ஒருவரும் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கையைக் கழுவத் தம்பிமார்தான் போத்தலில் கொண்டுவந்தார்கள். பந்தலிலிருந்து நான் அதைப் பார்த்தேன். ஒலிபெருக்கி எனக்கு ஒரு முழத்தில் இருந்தது. எழுந்து இரண்டு சொல்லுச் சொன்னால் போதும். நான் எழுந்தேன், பரிசுக் கிண்ணத்தை வாங்கினேன், கும்பிட்டேன், இருந்தேன். அந்தப் பெரிய மனிதர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அவர்களுக்கு அவனைத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே என் மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது.

திரும்பும்போது துவாயால் கட்டிய கையோடு அவன்தான் லொறி ஓட்டினான். நான் ஓட்டுகிறேன் என்றேன், கேட்கவில்லை. சுன்னாகத்தில் கராச்சுக்கு முன்னால் நிறுத்தினான்.

"காரை இறக்குங்கோ. கார் உங்கடை, கப்பும் உங்கடை."

"மச்சான், அந்த மனுசன் உன்னை ஏதும் குறைவாய்ச் சொல்லிப்போடும் எண்டுதான் நான்..."

அவன் என்னை நேராகப் பார்த்தான்.

"அவர் என்னைக் கேட்டிருந்தால் நான் என்ரை ஊரையும் சொல்லியிருப்பன், என்ரை அப்பற்றை பேரையும் சொல்லியிருப்பன். அதுக்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் அது அவற்றை குணம். அவர் என்னைக் கேக்க முதலே நீங்கள் எனக்காக வெக்கப்பட்டுப் போட்டியள்."

காரை இறக்கினோம். லொறி போய்விட்டது.

அதன் பிறகு அவன் லொறியைத் திருத்த மல்லாகத்தில் வேறு கராச் பார்த்துக்கொண்டான். றோட்டில் கண்டால் ஹோர்ன் ஒருமுறை அடிப்பான், மரியாதைக்கு. நிற்கமாட்டான். நான் மன்னிப்புக் கேட்க மூன்று தரம் காங்கேசன்துறை பஸ் ஏறினேன். மூன்று தரமும் பாதியில் இறங்கினேன். கார் இரண்டு மாரி நனைந்து பலகை உரிந்து போனது. அதன் எஞ்சின்தான் உங்கள் அப்பப்பாவின் தோட்டத்தில் கனகாலம் தண்ணீர் இறைத்தது.

பந்தயம் வைத்த கழகத்தார் அந்தப் படத்தைத் தபாலில் அனுப்பினார்கள். அதைச் சட்டம் போடக் கொண்டு போனபோது கடைக்காரரிடம் நான் சொன்ன வார்த்தையை இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. "வலது பக்கத்தைக் கொஞ்சம் கூட மறைச்சு மட்டை போடுங்கோ" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடைக்காரர், "ஆளை மறைக்கலாம் தம்பி, கையை மறைச்சால் காரின்ரை மூக்கும் போயிடும்" என்றார். அதனால்தான் அந்தக் கை மட்டும் தப்பியது. தரவையில் அவனை விலகச் சொன்னது அந்தப் பெரியவர். சட்டத்துக்குள் அவனை மறைத்தது நான். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அவனுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவனைக் கேட்காமல் அவன் சார்பில் ஒருமுறை கதைத்ததே போதும். ஆனால் மச்சான் என்று கூப்பிட்டவனை உங்களுக்கு மாமா என்று காட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் 'ஆரோ ஒரு ஆள்' என்று சொன்ன எனக்கு, ஒருவனுக்காகக் கதைப்பதும் அவனைக் கதைக்க விடாமல் செய்வதும் சில நேரம் ஒன்றுதான் என்று விளங்க இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மா சந்தைக்குப் போன நேரம், படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்பக்கத்து ஆணிகளைக் குறட்டால் கழற்றி, கண்ணாடியை எடுத்து, அந்த வெள்ளை மட்டையை உருவி அடுப்பில் வைத்தேன். கைக்குப் பின்னால் முழங்கை இருந்தது, கறை பிடித்த புதுச் சேட்டு இருந்தது, எண்ணெய் வைத்து வாரிய தலை இருந்தது. அவன் படம் பிடிக்கிறவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தையலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடியைத் துடைத்து, ஆணிகளைத் திரும்ப அறைந்து, படத்தை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.